1951ல் எடுத்த தொடர் பளிச், 1963ல் எடுத்தது மங்கல்: எங்கே போனது தெளிவு?

படமாடி:

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க நகைச்சுவைத் தொடர் 'ஐ லவ் லூசி' தொடங்கியது 1951ல். இன்றைக்குப் பார்த்தாலும் சட்டையின் தையல், கண்ணாடி டம்ளரின் விளிம்பு வரை கூர்மையாகத் தெரிகிறது. பிரிட்டனின் பிபிசி தொடர் 'டாக்டர் ஹூ' வந்தது 1963ல். பன்னிரண்டு வருடம் கழித்து வந்ததுதான் தெளிவாக இருக்க வேண்டும். ஆனால் அதன் கறுப்பு வெள்ளைப் பகுதிகள் கொசுவலைக்குப் பின்னால் நடப்பதுபோல இருக்கின்றன. பல பகுதிகள் கிடைப்பதே இல்லை. அமெரிக்கத் தொடர் 'ட்வைலைட் ஜோன்' இரண்டாவது சீசன் இன்னும் குழப்பம். ஒரு பகுதி சினிமாபோல இருக்கிறது, வேறொன்று மேடை நாடகத்தை நேரலையில் காட்டுவதுபோல இருக்கிறது. அதே தயாரிப்பு, அதே சீசன்.

பட்ஜெட், நாடு, கேமரா என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். உண்மையில் எந்தக் கட்டத்தில் தெளிவு போகிறது? திரையில் பார்த்தே எது எப்படி எடுக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க முடியுமா? நடிகர் கதைகள் வேண்டாம், வேலை நடந்த விதத்தைச் சொல்லுங்கள்.

சுருள்பெட்டி:

நாட்டையும் பட்ஜெட்டையும் ஓரமாக வையுங்கள். படம் எதில் பதிந்தது என்று கேட்டாலே முக்கால்வாசி விடை வந்துவிடும். அன்றைக்கு இருந்த வழிகள் மூன்று. சினிமாபோல நேராக ஃபிலிமில் எடுப்பது ஒன்று. எலக்ட்ரானிக் கேமராவில் எடுத்து, அந்தப் படம் ஓடுகிற டிவி திரையை ஒரு ஃபிலிம் கேமராவால் படம்பிடிப்பது இன்னொன்று. அமெரிக்காவில் இதற்குக் கினிஸ்கோப் என்று பெயர், பிரிட்டனில் டெலிரெகார்டிங். மூன்றாவது வீடியோ டேப். அது 1956ல்தான் வேலைக்கு வந்தது.

கினிஸ்கோப்பில் தெளிவு எப்படிப் போகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். அமெரிக்க டிவியில் ஒரு படத்துக்கு 525 கோடுகள், விநாடிக்கு 30 படங்கள். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாகத்தான் வரைவார்கள்: முதலில் ஒன்றுவிட்டு ஒரு கோடு, பிறகு விட்டுப்போன கோடுகள். ஆக விநாடிக்கு 60 பாதிகள். ஃபிலிம் ஓடுவதோ விநாடிக்கு 24 ஃப்ரேம். ஃப்ரேமுக்கு இரண்டு பாதி என்றால் 48தான் பதியும். மிச்சமிருக்கும் 12 பாதியின் நேரத்தில்தான் ஃபிலிமை அடுத்த ஃப்ரேமுக்கு இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் கிடைப்பது விநாடியில் 120ல் ஒரு பங்கு. சாதாரண சினிமா கேமராவுக்கு 48ல் ஒரு பங்கு கிடைக்கும். அதனால் கினிஸ்கோப் கேமராவை இதற்கென்றே தனியாகச் செய்தார்கள். ஷட்டர் 288 டிகிரி திறந்திருக்கும், 72 டிகிரி மூடியிருக்கும்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஷட்டர் திறப்பதும் மூடுவதும் சில ஃப்ரேம்களில் படத்தின் நடுவிலேயே விழும். மேல்பாதி ஒரு கணத்திலும் கீழ்ப்பாதி இன்னொரு கணத்திலும் பதிந்து நடுவில் ஒரு தையல் ஓடும். ஷட்டர் கோணம் ஒரு நூல் கூடினால் அந்தத் தையல் இடத்தில் சில கோடுகள் இரண்டு தடவை பதிந்து வெளிச்சப் பட்டையாகும். குறைந்தால் கறுப்புப் பட்டை. கினிஸ்கோப்பில் படுக்கைவாட்டில் நடுங்கும் பட்டையைப் பார்த்தால் காரணம் இதுதான். இவ்வளவுக்கும் மேல், வளைந்த டிவி குழாயைப் படம்பிடிப்பதால் மூலைகள் மழுங்கும், 16 மி.மீ ஃபிலிமின் மணல்மணலான துகளும் சேரும்.

லூசிக்கு இது எதுவும் நடக்கவில்லை. விளம்பரதாரரான பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனம் நியூயார்க்கிலிருந்து நேரலை வேண்டும் என்றது. டிவி வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் கிழக்கில் இருந்தார்கள். அவர்களுக்கு நேரடிப் படமும் மேற்குக் கரைக்குக் கினிஸ்கோப்பும் போவது வழக்கம். நாயகி லூசில் பாலும் அவர் கணவர் தேசி அர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு நகர மறுத்தார்கள். அங்கிருந்து நேரலை என்றால் பெரும்பான்மைக்கு மங்கல் படம் போகும். அதனால் 35 மி.மீ ஃபிலிமில் எடுத்து எல்லா ஊருக்கும் ஒரே தரத்தில் பிரிண்ட் அனுப்புவது என்று முடிவானது. செலவு கூடியது. வாரத்துக்கு 1,000 டாலர் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, பதிலுக்கு அந்த ஃபிலிமின் உரிமையைத் தம்பதி வாங்கிக்கொண்டார்கள். மறுஒளிபரப்பில் வந்த பணத்தை நினைத்தால் டிவி வரலாற்றிலேயே இதைப்போல விளைந்த ஒப்பந்தம் குறைவு.

ஷூட்டிங் விவரத்துக்கு வருவோம். முன்னால் பார்வையாளர்கள், செட்டைப் பார்த்தபடி மூன்று மிட்செல் கேமராக்கள். ஒளிப்பதிவு கார்ல் ஃப்ராய்ண்ட், 1927ன் 'மெட்ரோபொலிஸ்' படத்தில் வேலை செய்தவர். நடுக் கேமரா அகலமான காட்சிக்கு, பக்கத்து இரண்டும் 3 முதல் 4 அங்குல லென்ஸோடு க்ளோஸ்-அப்புக்கு. மூன்றும் ஒரே நேரத்தில் ஓடுவதால் ஒரு கோணத்துக்காக லைட்டை நகர்த்த வழியில்லை. தரையில் ஸ்டாண்ட் வைத்தால் கேமராவுக்கு வழி மறிக்கும், அடுத்த கேமராவின் படத்திலும் விழும். அதனால் விளக்குகளில் பெரும்பாலானவை தலைக்குமேல் தொங்கின, வெளிச்சம் செட் முழுக்க சமமாகப் பரவியது. டிவி ஒளிபரப்பு கறுப்பை இன்னும் கறுப்பாக்கும், வெள்ளையை இன்னும் வெளுக்கும். அதை முன்கூட்டியே ஈடுகட்டத்தான் செட்டுக்குச் சாம்பலின் பல சாயல்களில் வண்ணம் அடித்தார்கள்.

35 மி.மீ ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 1,000 அடிச் சுருள் 11 நிமிடத்தில் தீரும். எனவே காட்சிகளை அந்த அளவுக்குள் அடக்க வேண்டும். எடிட்டிங்கில் மூன்று கேமராவின் படத்தையும் ஒலியையும் பக்கம் பக்கமாக ஓட்டிப் பார்க்க ஒரு மூவியோலாவுக்கு (ஃபிலிமை ஓட்டிப் பார்த்து வெட்டும் இயந்திரம்) படம் காட்டும் தலைகள் மூன்றைப் பொருத்தினார்கள். எடிட்டர் டேன் கான் அதற்கு வைத்த பெயர் 'மூன்றுதலைப் பூதம்'.

ஒட்டுநாடா:

சுருள்பெட்டி ஃபிலிமைச் சொல்லிவிட்டார், நான் டேப்பைச் சொல்கிறேன். 'டாக்டர் ஹூ' புதிர் அங்கேதான் இருக்கிறது.

ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956ல் கொண்டுவந்த டேப் இயந்திரத்தில் நாடா இரண்டு அங்குல அகலம், விநாடிக்கு 15 அங்குல வேகம். படத்தைப் பதியும் நான்கு காந்தத் தலைகள் பொருத்திய சின்னச் சக்கரம் ஒன்று நாடாவின் குறுக்கே நிமிடத்துக்கு 14,400 சுற்று சுற்றும். ஒரு தலை ஒரு தடவை குறுக்கே போனால் 16, 17 கோடுகள் பதியும். நான்கு தலைகளும் மயிரிழை சமமாக இல்லாவிட்டால் படம் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும், ஜன்னல் தட்டிகளைப்போல. ஆரம்ப டேப்புகளைப் பதிந்த அதே தலையில்தான் திரும்ப ஓட்ட முடியும். வேறு இயந்திரத்தில் போட்டால் படம் நிற்காது.

வெட்டி ஒட்டுவதுதான் பெரிய வேலை. ஃபிலிமில் படம் கண்ணுக்குத் தெரியும். டேப்பில் வெறும் பழுப்பு நாடா. நாடாவின் ஓரத்தில் நுண்ணிய இரும்புத்தூள் கலந்த திரவத்தைத் தடவுவார்கள். திரவம் காய்ந்ததும் கட்டுப்பாட்டுத் தடத்தின் (நாடாவின் ஓட்டத்தைச் சீராக வைக்கப் பதியும் தடம்) துடிப்புகள் கோடுகளாகத் தெரியும். மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து, ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் பிளேடை வைத்து வெட்டி, பின்பக்கம் மெல்லிய உலோக ஒட்டு போடுவார்கள். சரியான கோட்டில் வெட்டவில்லை என்றால் அந்த இடத்தில் படம் உருண்டு விழும். ஒலித்தலை படத்தலையிலிருந்து ஒன்பது அங்குலத்துக்குமேல் தள்ளி இருந்தது. அதாவது ஒரே இடத்தில் வெட்டினால் படமும் ஒலியும் அரை விநாடிக்கு மேல் பிசகும். வசனத்துக்கு நடுவே வெட்டவே முடியாது. மௌனமான இடமாகப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும்.

ஒட்டுப் போட்ட நாடா தலையைத் தேய்க்கும், மறுபதிவுக்கும் ஆகாது. நாடாவோ விலை உயர்ந்தது. எனவே பிபிசி போன்ற இடங்களில் வெட்டுகளை எண்ணி எண்ணித்தான் அனுமதித்தார்கள். 'டாக்டர் ஹூ'வை ஏறக்குறைய நேரலைபோலவே, நிறுத்தாமல் நடித்துப் பதிந்தார்கள். முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெல் வசனத்தில் தடுக்கும் இடங்கள் அப்படியே இருப்பது அதனால்தான். அதை நடிப்புக் குறையாகச் சொல்பவர்கள் மறுபடி எடுப்பதற்கு என்ன செலவு என்பதை யோசிக்க வேண்டும்.

இப்போது காணாமல் போன கதை. அந்த டேப்புகளை அழித்து வேறு நிகழ்ச்சியைப் பதிந்தார்கள். நாடாவின் விலை ஒரு காரணம். நடிகர் சங்க ஒப்பந்தப்படி ஒரு நிகழ்ச்சியைச் சில தடவைக்குமேல் மறுஒளிபரப்பு செய்ய முடியாது என்பது இன்னொன்று. 1969 நவம்பரில் பிபிசி 1 வண்ணத்துக்கு மாறியதும் கறுப்பு வெள்ளைக்கு மதிப்பே போயிற்று. வெளிநாடுகளுக்கு விற்க, அழிக்கும் முன்பு 16 மி.மீ ஃபிலிமில் பிரதி எடுத்திருந்தார்கள். இன்று நீங்கள் பார்ப்பது அந்த விற்பனைப் பிரதிகளைத்தான். அவற்றிலும் பலவற்றை உரிமைக்காலம் முடிந்ததும் அழித்தார்கள். 1978ல்தான் எல்லாவற்றையும் பாதுகாக்கும் முறை வந்தது.

ஒரு பிரிண்ட் ஒரு நாட்டில் ஓடியதும் அடுத்த நாட்டுக்குப் போகும். அதனால்தான் 'டூம் ஆஃப் தி சைபர்மென்' கதையின் நான்கு பகுதிகளும் ஹாங்காங்கிலிருந்து 1991ல் திரும்ப வந்தன, 2013ல் வெளிவந்த ஒன்பது பகுதிகள் நைஜீரியாவில் கிடைத்தன. படம் இல்லாத பகுதிகளுக்கும் ஒலி முழுவதும் இருக்கிறது. ஒளிபரப்பின்போது ரசிகர்கள் வீட்டு டேப் ரெகார்டரில் பிடித்து வைத்த ஒலி அது. ஒரு நிறுவனம் தொலைத்ததை ரசிகர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

பேச்சு ஒலிப்பக்கம் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொடரின் முகப்பிசையும் பிளேடு வேலைதான். ரான் கிரெய்னர் எழுதிய மெட்டை 1963ல் பிபிசி ரேடியோபோனிக் வொர்க்‌ஷாப்பில் டெலியா டெர்பிஷையர் உருவாக்கினார். சிந்தசைசர் கிடையாது. மீட்டிய ஒற்றைத் தந்தியின் ஒலி, சோதனைக்கு வைத்திருந்த ஆஸிலேட்டர்களின் (மின்சாரத்தால் ஒரே சீரான ஒலி எழுப்பும் கருவிகள்) ஒலி, இரைச்சல் இவற்றைப் பதிந்து, நாடாவின் வேகத்தை மாற்றி ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக எடுத்தார். பிறகு ஸ்வரத்தின் நீளம் எவ்வளவோ அவ்வளவு நாடாவை வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினார். விநாடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் அரை விநாடி ஸ்வரம் என்றால் ஏழரை அங்குலத் துண்டு. பல தடம் பதியும் இயந்திரமும் இல்லை. இப்படி ஒட்டிய நாடாக்களைத் தனித்தனி இயந்திரத்தில் மாட்டி, ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் கலந்தார்கள். டாக்டரின் காலப்பயண வாகனமான டார்டிஸ் கிளம்பும் ஒலி இன்னும் எளிமை: பிரையன் ஹாட்ஜ்சன் ஒரு பழைய பியானோவின் கீழ்ஸ்தாயித் தந்திகளில் வீட்டுச் சாவியைத் தேய்த்துப் பதிந்து, அதை நாடாவில் மாற்றி அமைத்தார்.

படமாடி:

மிக்க நன்றி, இருவருக்கும். அப்படியானால் 'ட்வைலைட் ஜோன்' விஷயம் டேப்பா? பார்த்ததும் அடையாளம் காண என்ன குறி? இன்னொன்று, லூசியின் செட் சாம்பல் நிறம் என்றால் கறுப்பு வெள்ளைத் தொடர்கள் எல்லாமே அப்படித்தானா?

கறுப்புவளையம்:

ஆமாம், டேப்தான். 1960-61 சீசனில் செலவைக் குறைக்க ஆறு பகுதிகளை மட்டும் அதை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனத்தின் ஸ்டூடியோவில் எலக்ட்ரானிக் கேமராக்களில் டேப்பில் எடுத்தார்கள். 'நைட் ஆஃப் தி மீக்', 'லாங் டிஸ்டன்ஸ் கால்' இரண்டும் அதில் அடக்கம். பகுதிக்குச் சுமார் 5,000 டாலர் மிச்சம். அதற்கு விலை என்ன என்று பாருங்கள்: வெளியே போக முடியாது, நுணுக்கமான எடிட்டிங் கிடையாது, வெளிச்சம் பல கேமராவுக்குப் பொதுவாக இருக்க வேண்டும். ஆள் தனியாக வெட்டவெளியில் நிற்பதுதான் அந்தத் தொடரின் உயிர். ஸ்டூடியோவுக்குள் அடைத்ததும் அது போய்விட்டது. ஆறோடு நிறுத்தியது சரியான முடிவு. பிறகு விநியோகத்துக்காக அவற்றை 16 மி.மீக்கு மாற்றியதால் மங்கல் இரட்டிப்பானது.

அடையாளம் காண நான் முதலில் பார்ப்பது மெழுகுவர்த்தியை. அல்லது நகை, பளபளக்கும் பொத்தான், எதுவானாலும் சரி. அதைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருந்தால் அது இமேஜ் ஆர்த்திகான் குழாய் வைத்த எலக்ட்ரானிக் கேமரா. வெளிச்சம் அதிகம் விழுந்த இடத்திலிருந்து எலெக்ட்ரான்கள் சிதறி அக்கம்பக்கத்தில் விழுவதால் அந்த வளையம் வரும். ஃபிலிமில் இது வராது; அதில் பிரகாசம் வெளிப்பக்கமாக மென்மையாகக் கசியும். வெள்ளைச் சட்டை இந்தக் கேமராவுக்கு ஆகாது என்பதால்தான் டிவியில் வருபவர்களை வெளிர் நீலம் போடச் சொன்னார்கள். திரையில் அது வெள்ளையாகவே தெரியும்.

அடுத்து, அசைவைப் பாருங்கள். கையை வீசினால் வழுக்கிக்கொண்டு போவதுபோல இருந்தால் டேப். விநாடிக்கு 50 அல்லது 60 பாதிகளும் அப்படியே இருக்கின்றன. லேசாகத் துள்ளினால் ஃபிலிம். கோடுகள் தெரிந்து, அசைவும் துள்ளினால் கினிஸ்கோப். பிரிட்டிஷ் தொடர்களில் ஆள் கதவைத் திறந்து வெளியே வந்ததும் படத்தின் தன்மையே மாறும். உள்ளே எலக்ட்ரானிக் கேமரா, வெளியே 16 மி.மீ ஃபிலிம் என்பதால் அப்படி.

ஒரு எச்சரிக்கை: 'தி ஹனிமூனர்ஸ்' 1955ன் 39 பகுதிகளில் இந்தச் சோதனை ஏமாற்றும். நடத்தியது நேரலை டிவிபோல, படமோ தெளிவான ஃபிலிம். டூமான்ட் நிறுவனத்தின் எலக்ட்ரானிகாம் என்ற கேமராவில் ஒரே லென்ஸின் வெளிச்சத்தைப் பிரித்து டிவி குழாய்க்கும் ஃபிலிமுக்கும் அனுப்பினார்கள். டிவி படம் இயக்குநர் பார்த்துக் கோணம் மாற்ற மட்டுமே.

வண்ணக்கேள்விக்கு: எல்லாமே சாம்பல் அல்ல. வேண்டிய சாம்பலைத் தரும் எந்த நிறமும் சரிதான். 'ஆடம்ஸ் ஃபேமிலி' (1964-66) வீட்டின் இருண்ட வரவேற்பறை நிஜத்தில் ரோஸ் நிறம். நேர்மாறான தொல்லை 'அட்வென்ச்சர்ஸ் ஆஃப் சூப்பர்மேன்' தொடருக்கு. நீலமும் சிவப்பும் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாக விழும், மார்பிலுள்ள எழுத்தே தெரியாது. அதனால் முதல் இரண்டு சீசனில் சூப்பர்மேனாக நடித்த ஜார்ஜ் ரீவ்ஸ் போட்டது பழுப்பும் சாம்பலும். மூன்றாவது சீசனை வண்ணத்தில் எடுத்தபோதுதான் சிவப்பு நீலம் வந்தது.

புள்ளிக்கோலம்:

ஒட்டுநாடா சொன்னதற்கு ஒரு சேர்க்கை. 16 மி.மீ பிரதியில் போனது எல்லாம் போனதுதான் என்று நினைக்க வேண்டாம்.

பிரிட்டனில் 25 ஃப்ரேம் டிவி, 25 ஃப்ரேம் ஃபிலிம் என்பதால் 24க்கு மாற்றும் கணக்கு இல்லை. ஆனால் ஃபிலிமை இழுக்க நேரம் வேண்டுமே. மலிவான முறையில் இரண்டில் ஒரு பாதியை அப்படியே விட்டுவிடுவார்கள். அன்றைய பிரிட்டிஷ் டிவியின் 405 கோட்டில் பாதி போனால் என்ன மிஞ்சும்? இரண்டு பாதியையும் பதிந்த நல்ல பிரதியும் அசைவை 25ஆகக் குறைத்துவிடும். விட்ஃபயர் என்ற கணினி முறை இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் இருந்திருக்க வேண்டிய நிலையைக் கணித்து, விநாடிக்கு 50 அசைவை மீட்கிறது. 'டாக்டர் ஹூ' டிவிடிகள் பலவற்றில் ஸ்டூடியோக் காட்சிகள் டேப்போல வழுக்குவது அதனால்தான். வெளிப்புற ஃபிலிம் காட்சிகளை அவர்கள் தொடவில்லை, அவை முதலிலேயே ஃபிலிம் என்பதால்.

இதைவிட வியப்பானது வண்ண மீட்பு. 1970களின் சில வண்ணப் பகுதிகள் கறுப்பு வெள்ளைப் பிரதியாக மட்டுமே மிஞ்சின. பிரதி எடுக்கும்போது 4.43 மெகாஹெர்ட்ஸ் வண்ணச் சமிக்ஞையை வடிகட்டிவிட வேண்டும். பல நேரம் அந்த வடிகட்டியைப் போடவில்லை. அதனால் வண்ணம் இருந்த இடங்களில் நுண்ணிய புள்ளிக்கோலம் ஃபிலிமில் பதிந்துவிட்டது. அன்றைக்கு அது பிழை. ஃபிலிமை உயர் தெளிவில் ஸ்கேன் செய்து, திரை வளைவால் வந்த கோணலை நிமிர்த்தி, அந்தப் புள்ளிகளைப் படித்தால் மூல வண்ணமே கிடைக்கிறது. யாரோ ஊகித்துப் பூசிய வண்ணம் அல்ல. பிபிசி நகைச்சுவைத் தொடர் 'டாட்ஸ் ஆர்மி'யின் 'ரூம் அட் தி பாட்டம்' பகுதியை இப்படி மீட்டு 2008ல் ஒளிபரப்பினார்கள். ஃபிலிம் சுருங்கியிருந்தாலோ, ஸ்கேன் தெளிவு போதாவிட்டாலோ புள்ளிகள் கலங்கி, நிறம் இடம் மாறித் திட்டுத்திட்டாக வரும்.

சுருள்பெட்டி:

பதிவு மட்டுமல்ல, எடிட்டிங் எதில் நடந்தது என்பதும் கணக்கு. 'ஸ்டார் ட்ரெக்' 1966ல் 35 மி.மீயில் எடுத்து ஃபிலிமிலேயே முடித்தார்கள். ஆட்கள் மறையும் டிரான்ஸ்போர்ட்டர் காட்சி வந்ததும் மட்டும் படம் சொரசொரப்பாகும். தலைகீழாக வைத்த கேமராவின் முன், பலமான வெளிச்சத்தில் அலுமினியத்தூளைக் கொட்டி மெதுவோட்டத்தில் எடுத்த மினுமினுப்பை, நடிகர் இருக்கும் படத்தோடு ஆப்டிகல் பிரிண்டரில் (ஃபிலிம்களை மறுபடி படம்பிடித்து ஒன்றாகச் சேர்க்கும் இயந்திரம்) சேர்த்தார்கள். சேர்க்கும் ஒவ்வொரு தடவையும் ஃபிலிம் ஒரு தலைமுறை பிரதியாகிறது.

அதன் தொடர்ச்சியாக 1987ல் தொடங்கிய 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரைப் படம் பிடித்தது ஃபிலிமில், எடிட்டிங்கும் தந்திரக்காட்சிச் சேர்ப்பும் 525 கோட்டு டேப்பில். முடித்த டேப்பைப் பெரிதாக்கினால் மங்கல்தான் பெரிதாகும். எனவே 2012ல் தொடங்கிய ப்ளூரே வெளியீட்டுக்கு நெகட்டிவ் சுருள்களைப் பெட்டி பெட்டியாகத் திறந்து ஸ்கேன் செய்து, பழைய டேப்பை வழிகாட்டியாக வைத்து ஏழு சீசனையும் ஷாட் ஷாட்டாக மறுபடி எடிட் செய்தார்கள். கப்பல் மாதிரிகளும் ஃபிலிமில் எடுத்தவையே என்பதால் அவற்றையும் புதிதாகச் சேர்க்க முடிந்தது. படமாடி, பழைய டிவிடியையும் இதையும் ஒரே காட்சியில் நிறுத்திப் பாருங்கள். சீருடையின் நெசவு எதில் தெரிகிறது என்று சொல்லுங்கள்.